தேசிகர் கிணறும் ஒளித்த ஸ்க்ரூவும்

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் தம் கையால் கட்டியது என்று ஒரு கிணற்றைக் காட்டுகிறார்கள். எல்லாக் கலையிலும் வல்லவர் என்னும் பொருளில் 'சர்வ தந்திர சுதந்திரர்' என்று பட்டம் இருக்கிறதே, ஒரு கிணறு கட்டுங்கள் பார்க்கலாம் என்று கொத்தனார் சவால் விட, அவரும் கட்டிக் காட்டினாராம். நல்லவேளை, 'பிரித்தால் வாரண்டி செல்லாது' என்று செங்கல்மேல் யாரும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவில்லை. அதே ஊர் மலைமேல் ஹயக்ரீவரிடம் படிப்பு கேட்டு வேண்டும் பொறியியல் மாணவன், லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப்பின் அடிமூடியை, அதில் அந்த ஸ்டிக்கர் இருப்பதால், திறக்க மட்டும் அஞ்சுகிறான். உள்ளே என்ன பூதமா இருக்கிறது? மின்விசிறிகள், செப்புக் குழாய்கள், காய்ந்துபோன வெப்பப் பசை, கொஞ்சம் கடலூர்த் தூசி. விசிறி ஓலமிடுவதும் விளையாட்டு திக்குவதும் பல நேரம் அந்தத் தூசியால்தான்.

லித்தியம் பேட்டரி ஆபத்தாயிற்றே என்பார்கள். உண்மைதான், குத்துப்பட்டால் தீப்பற்றும். அதற்கு மருந்து, மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள் என்று கையேட்டில் ஒரு வரி அச்சிடுவது. தயாரிப்பாளர் லேப்டாப்பின் ரப்பர் காலுக்கடியில் ஸ்க்ரூவை ஒளிப்பதல்ல. ஒளிந்திருந்த ஸ்க்ரூ எந்தத் தீயை அணைத்தது? வாரண்டி செல்லாது என்னும் ஸ்டிக்கர் மிரட்டல் பொதுவாகச் சட்டவிரோதம் என்று அமெரிக்க வணிக ஆணையமே 2018இல் நிறுவனங்களை எச்சரித்தது. நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. தளம் திறந்துவிட்டது; அடிமூடிதான் இன்னும்.