கடைசியா என்னத்தை மாட்டின?

புதுச்சேரியில் வேகமான கார் வைத்திருக்கத் தனி மனோதிடம் வேண்டும். ஒயிட் டவுனில் நூல் பிடித்துப் போட்ட தெருக்களில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்குள் மூலை வந்துவிடும். மூலைக்கு மூலை யாராவது மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோவுக்கு நிற்பார்கள். கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டியே விடமாட்டார்கள். நேரு வீதியில் புடவைக்கடைப் பையோடு நடப்பவர் நம்மை முந்திப் போவார். இப்பேர்ப்பட்ட ஊரில்தான், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காரில் "பவர் பத்தல மாமா" என்று கண்டுபிடித்தான் என் மச்சினன்.

வாயைக் கட்டாத சைலன்ஸர் ஒன்று, புது ஏர் ஃபில்டர் ஒன்று, ஆன்லைனில் வரவழைத்த ட்யூனிங் பாக்ஸ் ஒன்று மாட்டினான். கோரிமேடு தாண்டித் திண்டிவனம் சாலையில் வண்டி பறந்தது. கொஞ்ச நாளில் நோய் கண்டது. கியர் மாறும் நேரத்தில் ஆர்.பி.எம். முள் மட்டும் விர்ரென்று ஏறும், வண்டி ஏறாது. பிறகு 'டொக்' என்று ஒரு உதை. கூடவே மீட்டரில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை.

வைத்தியர்களுக்கா நம்மூரில் பஞ்சம்? பக்கத்து வீட்டுத் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குபவர். பெத்தாங்க் விளையாட்டுக் குண்டைத் துடைத்துக்கொண்டே, "க்ளட்ச் பெடலே இல்லாத வண்டில இன்னாடா க்ளட்ச் கம்ப்ளெய்ன்ட்?" என்றார். பெடல்தான் இல்லையே தவிர, உள்ளே க்ளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக உண்டு. எண்ணெய் அழுத்தம்தான் அவற்றை இறுக்கும், தளர்த்தும். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மச்சினனின் நண்பர்கள் ஒருமனதாக, "கியர்பாக்ஸ் போச்சு, முழுசா மாத்திடு" என்றார்கள். லட்சங்களில் ஒரு எஸ்டிமேட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது.

என் மாமியார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "மணக்குள விநாயகர் கோயில்ல பூஜை போட்டப்போ நல்லாத்தானே ஓடுச்சு? அப்புறம் கடைசியா என்னத்தை மாட்டின?"

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான் மகன்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கூட்டிப்போனேன். ஊட்டி மேட்டுப்பாளையம் இல்லை, எங்கள் ஊர் லாரி முனையம் இருக்கும் மேட்டுப்பாளையம். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. முதலில் பேட்டரி வோல்டேஜ் பார்த்தார். அது குறைந்தாலே இந்தக் காலத்து கியர்பாக்ஸ் உளற ஆரம்பிக்குமாம். பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். பி0730 என்று எர்ரர் கோடு வந்தது. கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுழற்சிக்கும் வெளியே வரும் சுழற்சிக்கும் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் எண்ணெய் எடுத்து வெள்ளைத் துணியில் விட்டார். சிவப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகி, கருகல் வாடை அடித்தது. ஆனால் உலோகத் துகள் இல்லை. பானட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தவர், "கடைசியா என்ன சார் மாட்டினீங்க?" என்றார்.

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உண்மையைவிடக் குறைவாகக் கணக்குச் சொல்வதுதான் அந்த ட்யூனிங் பாக்ஸின் தொழில். எஞ்சின் கம்ப்யூட்டரும் ஏமாந்து அழுத்தத்தை ஏற்றிவிடும், முறுக்குவிசை கூடும். ஆனால் அந்தப் பொய்க் கணக்கேதான் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் போகிறது. 'இவ்வளவு விசைக்கு இவ்வளவு இறுக்கம் போதும்' என்று அது தட்டுகளை அளவாகப் பிடிக்கிறது. வருவதோ அதைவிட அதிகம். தட்டு வழுக்குகிறது, சூடாகிறது, எண்ணெய் கருகுகிறது.

பாக்ஸைக் கழற்றி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, கியர்பாக்ஸ் பழகிவைத்திருந்த பழைய கணக்குகளை ஸ்கேனரில் அழித்து, புதிதாகப் பழகட்டும் என்று நிதானமாக ஓட்டிக் காட்டினார். முள்ளும் வண்டியும் சேர்ந்தே ஏறின.

சட்டம் வேறு இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மச்சினன் விரல் விட்டு எண்ணி, "எஸ்டிமேட்டோட பார்த்தா அபராதம் சல்லிசு மாமா" என்றான். சிறையை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆகவே, ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் அன்பர்களே, வண்டி முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன், கடைசியாக மாட்டியதை முதலில் கழற்றிப் பாருங்கள். மெக்கானிக்கிடம் எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் மாமியார் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கு எஸ்டிமேட் கிடையாது.