உடைபடாத் தேங்காயின் உள்நிலை: ஓர் ஆராய்ச்சி

ஆய்வுப் பொருள்: விடலை (சிதறுகாய்) போடக் கையிலெடுத்த ஒரு தேங்காய். களம்: திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ராணுவத்தின் பராமரிப்பிலுள்ள பழவங்காடி கணபதி கோயில். தேங்காய் உடைப்பதே இங்கே தலையாய வழிபாடு; மாதிரிக்குப் பஞ்சமில்லை. வினா: அடிக்குமுன், காய் நல்லதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பாதிக்குப் பாதி என்பர் ஒரு சாரார். ஒன்றுமே தெரியாதபோது எல்லாவற்றுக்கும் சமபங்கு என்ற கணிதர் லாப்லாஸின் வழி இது. கேரள லாட்டரிச் சீட்டு விற்பவரும் இக்கட்சியே: விழும், அல்லது விழாது. எத்தனை சீட்டு அச்சானது என்று அவரிடம் கேட்பது பண்பன்று.

இக்கொள்கை ஏலாது. நல்லது, அழுகல் எனப் பிரித்தால் நல்லதற்கு அரை. 'கொப்பரையாய் வற்றியது' என்பதையும் சேர்த்தால் மூன்றில் ஒன்று. 'உள்ளே பூ வைத்தது' என்றும் ஒருவர் சொல்லிவிட்டால் கால். காய் அப்படியேதான் இருக்கிறது. வகை பிரித்தவர் வாய்தான் வாய்ப்பைக் குறைத்தது. பொருளியலாளர் கெயின்ஸ் 1921-இல் தம் நிகழ்தகவு நூலில் காட்டிய குறையும் இதுவே.

இனி, முதல் காய் நல்லதாக உடைந்ததென்க. அடுத்ததும் நல்லதாக இருக்க வாய்ப்பு 2/3 என்பது லாப்லாஸின் கணக்கு. 3/4 என்பது புள்ளியியல் அறிஞர் ஜெஃப்ரீஸின் கணக்கு. 1957-இல் இந்தியாவுக்கே குடிவந்துவிட்ட உயிரியலாளர் ஹால்டேனின் வழியில் போனால், முழு 1, மூட்டையே நல்லது. ஒரே காய், மூன்று விடை. அறியாமையைக்கூட இன்னின்ன அளவில் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடைக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. காயைக் காதோரம் குலுக்கித் தண்ணீர் தளும்புகிறதா என்று கேட்கிறார்; விரலால் சுண்டுகிறார்; கண்ணில் ஈரமோ பூஞ்சணமோ கண்டால் ஒதுக்குகிறார். அவர் ஒதுக்கிய காய் யார் கைக்குப் போகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. 'ஒன்றும் தெரியாது' என்பவர் பெரும்பாலும் குலுக்கிப் பார்க்காதவரே என்பது நம் துணிபு.

எஞ்சியிருப்பவர் பக்தர். காய் வெள்ளையாகச் சிதறினால் காரியம் கைகூடும்; அழுகலாக இருந்தால் திருஷ்டி கழிந்தது. எது நேர்ந்தாலும் கணபதி மீதான நம்பிக்கை இம்மியும் நகர்வதில்லை. இரண்டு முடிவும் ஒன்றையே சொல்லுமானால் சான்றுக்கு வேலையில்லை என்பது, சான்றைக்கொண்டு நம்பிக்கையைத் திருத்தும் பேய்ஸ் தேற்றத்துக்கும் உடன்பாடே. ஆகவே இவ்வாய்வில் கணக்குப் பிசகாதவர் இவர் ஒருவரே.