காந்தத்துக்குக் கோணல் தெரியாது

வா அப்புனு, வா. இப்படித் திண்ணையில உக்காரு. மொகமெல்லாம் வெளிச்சமா இருக்குதே, எங்கியாச்சும் பொண்ணு அமைஞ்சிருச்சான்னு நெனைச்சேன். உங்கம்மா சொல்லித்தான் தெரியுது, கம்பெனியில பெண்டிங் மிஷினுக்குக் காந்த கைடு வாங்கியிருக்காங்களாமா. அதுக்கா இந்தச் சிரிப்பு? நீ பொறந்த அன்னிக்கு நானே இத்தனை பல்லைக் காட்டலைடா.

"இனிமே அளவே பாக்க வேண்டியதில்லை, ஒட்டி வச்சா அதுவே நேராக்கிரும்"னு சொன்னியாமா. அதைக் கேட்டதும் எனக்கு நம்மூர்ல ஒருத்தன் ஞாபகம் வந்திருச்சு. சந்தையில புது மாடு புடிச்சுட்டு வந்தான். நல்ல பழக்கின மாடுன்னு யாரோ சொன்னாங்கன்னு ஏரைப் பூட்டி உட்டுட்டு வேப்பமரத்தடியில படுத்துக்கிட்டான். எந்திரிச்சுப் பாத்தா பக்கத்துத் தோட்டத்துச் சோளம் பாதி உழுதாச்சு. மாடு மேல தப்பில்லை. அதுக்கு இழுக்கத் தெரியும், வரப்பு எங்க இருக்குதுன்னு தெரியாது. காந்தமும் அந்த மாடாட்டத்தான்.

என்னைய எளக்காரமாப் பாக்காத. குறிச்சி சிட்கோவுல ஸ்டார்ட்டர் பாக்சும் பேனல் கதவுமா மடிச்சு மடிச்சே முடி நரைச்சவன் நான். எத்தனை வருச சர்வீசுன்னு எவனாச்சும் கேட்டா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவேன். பத்து வருசம்னு நெனைச்சுக்குவாங்க. நான் காட்டறது வெரலை. பெண்டிங் மிஷின்ல இருந்து வெளிய வந்தவனுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் இல்லை.

செரி, மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்தக் கைடு எதுக்கு? முழிக்கிறியே. மேல பஞ்ச், கீழ வி-டை, நடுவுல தகடு, பின்னால பேக் கேஜ். தகட்டைப் பின்னால தள்ளி ரெண்டு ஸ்டாப்பர்லயும் முட்ட வைப்ப. நாலடி அகலத் தகடுன்னா ரெண்டு ஸ்டாப்பரையும் தூரத் தூரமா வச்சுக்கலாம், அதுவே நேரா நின்னுக்கும். அதுக்குக் கைடும் வேண்டாம், நீயும் வேண்டாம். சிக்கல் எங்க வரும்னா, அகலம் கம்மியா நீளம் எச்சா இருக்கற பட்டைத் தகட்டுல. 60 மில்லிமீட்டர் அகலம், 400 மில்லிமீட்டர் நீளம்னு வச்சுக்க. பின்னால முட்டற 60 மில்லிமீட்டர்ல அரை மில்லிமீட்டர் சாஞ்சாப் போதும், இந்தக் கடைசியில 3 மில்லிமீட்டருக்கு மேல ஓடிப்போயிரும். ஒரு பக்கம் சரிவா வெட்டின தகடு, பின்பக்கம் கட் அவுட் இருக்கற தகடு, எல்லாம் இதே கெரகம்தான். அதுக்குத்தான் டை முன்னால ஒரு கையை நீட்டி வைக்கிறது. தகட்டோட பக்கவாட்டு ஓரம் அந்தக் கையை ஒட்டிப் போகும், பின் ஓரம் ஸ்டாப்பர்ல முட்டும். பாத்திக்கு வரப்பு மாதிரி. அந்தக் கையைப் போல்ட் போடாம நிறுத்தறதுக்குத்தான் காந்தம். இவ்வளவுதான் சங்கதி.

வரப்பே கோணலாப் போட்டா தண்ணி நேராவா போகும்? முதல் கோணல் முற்றும் கோணல்னு பெரியவங்க சொல்லி வச்சது எதுக்கோ தெரியாது, ஆனா பெண்டிங் மிஷினுக்கு அச்சு அசலாப் பொருந்துது. கை ஒரு டிகிரி சாஞ்சிருந்தா 500 மில்லிமீட்டர் தள்ளி கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் தப்பு. கைடு இல்லாத காலத்துல பத்து ஜாப்ல ரெண்டு கோணலாகும். கைடைக் கோணலா ஒட்டுனா பத்தும் கோணல், அதுவும் ஒரே மாதிரிக் கோணல். உங்க சூப்பர்வைசர் அதைப் பாத்து "என்ன ஒரு ஒத்துமை"ன்னு பாராட்டுனாலும் பாராட்டுவாரு.

இனி ஒட்டற முறையைக் கேளு. கையில அந்த செல்போனை வச்சுக்கிட்டே கேக்காத.

கைடு ஒட்டப் போறதுக்கு முன்னால மிஷினை நிறுத்தோணும். எமர்ஜென்சி பட்டனை அமுக்கு, பெடலை அக்கட்டால தள்ளி வை. மெயின் சுவிட்சுக்குப் பூட்டு இருந்தா பூட்டிச் சாவியைச் சட்டைப் பைல போட்டுக்க. "ரெண்டு நிமிச வேலைதானே அப்புச்சி"ங்காத. டைகிட்டக் குனிஞ்சு ரெண்டு கையையும் உள்ள நீட்டி நிக்கிறப்ப ஹெல்பர் பையன் பழமை பேசிட்டே பெடல் மேல காலை வச்சான்னா, அதுக்கு ரெண்டு நிமிசம் ஆகாது.

அடுத்து, ஒட்டற எடத்தையும் காந்தத்தோட மொகத்தையும் வேஸ்ட் துணியால துடைக்கோணும். காந்தம் சம்பந்தி வீட்டாராட்ட. நடுவுல சின்னத் துரும்பு கெடந்தாலும் ஒறவு பாதியாயிரும். நம்பிக்கை இல்லீன்னா ஊட்டு பிரிட்ஜுக்கும் அதுல ஒட்டற காந்தத்துக்கும் நடுவுல காயிதத்தை ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே போ. ஏதோ ஒரு தாளுல தானா உழுந்துரும். பெயிண்ட்டும் எண்ணெயும் இரும்புத் தூளும் அந்தக் காயிதத்தோட வேலையைத்தான் செய்யுது. அதனால பெயிண்ட் அடிச்ச எடத்துல ஒட்டாத. மெஷினிங் பண்ணுன வெள்ளை மொகமாப் பாத்து, டையோட முன்பக்கமோ டை ஹோல்டரோ, அங்க ஒட்டு.

டப்பா மேல 50 கிலோ தாங்கும்னு போட்டிருக்குதா? போட்டவன் பொய் சொல்லலை, நீ படிச்சதுதான் தப்பு. கனமான சுத்தமான இரும்புல ஒட்டி, நேரா வெளிய புடுங்குனாத்தான் அந்தக் கணக்கு. பக்கவாட்டுல தள்ளுனா கால்வாசிக் கனத்துக்கே நகந்துரும், எண்ணெய் இருந்தா அதுக்கும் முன்னாலயே. நீ தகட்டைக் கொண்டு போயி எந்தப் பக்கம் இடிக்கப் போற? பக்கவாட்டுலதான். அதனால காந்தம் இருக்குதுங்கற தைரியத்துல தகட்டை மாடு முட்டற மாதிரி முட்டாத. பச்சப்புள்ளையத் தொட்டில்ல போடற மாதிரிக் கொண்டு போயி ஒட்ட வை.

அப்பறம் மூலை மட்டம். வாங்கி வச்சு எட்டு வருசமா டப்பாவுலயே தூங்குதே, டிரை ஸ்கொயர், அதைத் தட்டி எழுப்பு. அதோட கட்டையை டையோட முன் மொகத்துல அழுத்தி, அலகைக் கைடு மேல வச்சு வெளிச்சம் தெரியுதான்னு பாரு. கண்ணுல பாத்து நேரா இருக்குதுன்னு சொல்லாத. கண்ணுல பாத்து நேருன்னு முடிவு பண்ணுன சங்கதியெல்லாம் என்னாச்சுன்னு உங்கம்மாயியைக் கேளு, என்னையப் பத்தி ஒரு மணி நேரம் சொல்லுவா.

கையோட ஒசரமும் முக்கியம். தகடு படுக்கற தளம் டையோட மேல்மட்டத்துக்குச் சரியா இருக்கோணும். ஒசந்தா தகடு தூக்கி நிக்கும், தாழ்ந்தாத் தொங்கும். ரெண்டுலயும் மடிப்பு மாறும். எல்லாம் ஆனதுக்கப்பறம் மிஷினைத் திரும்பப் போட்டு, தகடில்லாம, பஞ்ச் மாட்டியிருக்கற ராமை இஞ்சிங்ல மெதுவா எறக்கி, பஞ்ச் கிளாம்ப் எதுவும் கைடுல இடிக்காதான்னு ஒருக்கா பாத்துரு. பஞ்சுக்கும் டைக்கும் நடுவுல கைடோட மூக்கு ஒரு மயிரிழைகூட நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. அத்தனை டன் எறங்குற எடத்துல காந்தம் போயி மாட்டுனா, தெறிக்கற துண்டுக்கு உன் மொகம் எது, செவுரு எதுன்னு தெரியாது.

கடைசியில ஸ்கிராப் துண்டு ஒண்ணை மடிச்சுப் பாரு. சரியா வரலையா? கைடைத் திட்டறதுக்கு முன்னால தகட்டோட ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்புல புடி. ரெண்டும் ஒண்ணா இல்லீன்னா ஷேரிங்லயே கோணலா வெட்டி வந்திருக்குது. ஓரத்துல பிசிறு இருந்தாலும் கைடுல ஒட்டாம நிக்கும், அரத்துல ஒரு இழு இழுத்துரு. கோணல் கோணல் ஜாப்பாப் பண்ணிட்டு "கைடு செரியில்லை"ங்கறவன், ஆடத் தெரியாம மேடை கோணல்னு சொன்னவளுக்குத் தம்பி.

டையைச் சொல்ல மறந்துட்டேன். வி-டையோட வாய் தகட்டுக் கனத்துக்கு எட்டு மடங்குங்கறது பழைய கணக்கு. 2 மில்லிமீட்டர் தகட்டுக்கு 16 மில்லிமீட்டர் வாய். மைல்டு ஸ்டீல்னா அதுல மீட்டருக்கு 16, 17 டன் கேக்கும். நீ டன்னைக் கேக்காம டையை மட்டும் மாத்திட்டு, மடிப்பு செரியா வரலைன்னா கைடு மேல பழி போடாத. எலி புடிக்கலைன்னு பூனையைத் திட்டலாம், பால் கறக்கலைன்னு திட்டக் கூடாது.

இன்னொண்ணு. கைடு ஒட்டறது மிஷின்ல, அதனால அலுமினியம் மடிச்சாலும் அது வேலை செய்யும். ஆனா சிலது தகட்டையும் சேத்துக் காந்தத்துல புடிக்கற மாதிரி இருக்கும். அது அலுமினியத்துல ஒட்டாது, 304 ஸ்டெயின்லெஸ்லயும் ஒட்டாது. ஒரு வேடிக்கை தெரியுமா? அதே 304ஐ மடிச்ச மூலையில வச்சுப் பாத்தா லேசா இழுக்கும். அடிபட்டு வளைஞ்சதுக்கப்பறம்தான் அதுக்கு ஒட்டற குணம் வருது. சில மாப்பிள்ளைகளும் அப்படித்தான், உங்கப்பனைச் சொல்லலை.

இனிப் பாதுகாப்பு. இங்க சிரிக்காத.

காந்தம் சின்னதா இருக்குதேன்னு பாக்காத. இப்ப வர்றதெல்லாம் நியோடிமியம். 1980கள்ல ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் கண்டுபுடிச்சது. நம்ம காலத்துக் கருப்புக் காந்தத்தைவிடப் பல மடங்கு முரடு. வெரல் நடுவுல சிக்குனா நகம் கருத்துப்போகும். எடுக்கறப்ப நேரா இழுக்காத. குமிழ் திருகற மாதிரி இருந்தா அதைத் திருகு, இல்லீன்னா ஒரு ஓரத்தைச் சாச்சு எடு. கீழ போட்டா கண்ணாடியாட்ட உடையும். சாதா ரகம் 80 டிகிரிச் சூட்டைத் தாண்டுனா சத்தை எழந்துரும், அதனால வெல்டிங் மேசை மேல வைக்காத. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சவங்க கிட்ட வந்தா ஒரு சாண் தூரமாச்சும் தள்ளி வை.

காந்தத்தைவிட மிஷினுக்குத்தான் பயப்படோணும். 1948ல வந்த தொழிற்சாலைச் சட்டமே 21ஆம் பிரிவுல ஆபத்தான பாகத்துக்கு வேலி போடச் சொல்லுச்சு. ஐரோப்பாவுல ராம் நொடிக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல வெசையா எறங்குனா ஆளைக் காப்பாத்த லேசர், லைட் கர்ட்டன் மாதிரிப் பாதுகாப்பு ஏதாச்சும் ஒண்ணு இருந்தே ஆகோணும். உங்க மிஷின்லயும் அந்த வெளிச்ச வேலி இருக்குதில்லே? ஒட்டுன கைடே வெளிச்சத்தை மறைச்சா, ராம் எறங்க மாட்டேன்னு நிக்கும். அப்ப எல்லாருக்கும் ஒரு புத்தி வரும், "பைபாஸ் சாவியைத் திருப்பிரு"ன்னு. திருப்பாத. கைடை நகத்து. வேலிக்குள்ள எருமை வந்தா எருமையத் தொரத்துவாங்களா, வேலியப் புடுங்குவாங்களா?

ராம் எறங்கறப்ப தகட்டோட முன்பக்கம் தூக்கிக்கிட்டு மேல வரும். அதைக் கீழ இருந்து தாங்கு, மேல கை வைக்காத. மேல வச்சா தகட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவுல வெரல் போகும். கைடுக்கும் தகட்டுக்கும் நடுவுலயும் வெரலை உடாத. ஏற்கெனவே மடிச்ச காது இருந்தா, தகடு தூக்கறப்ப அது கைடுல மாட்டாதான்னு முன்னாடியே பாத்துக்க. மாட்டுனா தகடு எந்தப் பக்கம் திரும்பும்னு அந்தத் தகட்டுக்கே தெரியாது. சின்னத் துண்டுன்னா இடுக்கி வச்சுப் புடி. கைடு நகந்திருச்சுன்னு தோணுனா மொதல்ல பெடல்ல இருந்து காலை எடு, அப்பறம் கையை நீட்டு. இந்த வரிசையை மாத்துனவங்க கதையை நான் சொல்ல மாட்டேன், சோறு எறங்காது.

இருபது, இருபத்தஞ்சு ஜாப்புக்கு ஒருக்கா மட்டத்தை வச்சுப் பாத்துக்க. எதுக்குன்னு கேளு. ஒரு பட்டறையில ஒரு ஆளு இருந்தான். நல்ல வேலைக்காரன்தான், வாய் மட்டும் கொஞ்சம் எச்சு. காலையில கைடை அருமையா ஒட்டுனான், மட்டம் பாத்தான், முதல் கதவு கண்ணாடி மாதிரி வந்துச்சு. "இனிமே இது அசையாது"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னான். சாயங்காலம் நாப்பது கதவு, ஒண்ணுகூட பாக்ஸ்ல பொருந்தலை. மேல இடிக்குது, கீழ வெரல் போற சந்து. மொதலாளி திட்டறாரு, ஷேரிங்காரனைக் கூப்பிடறாங்க, டையைக் கழட்டறாங்க. கடைசியில பாத்தா, அந்த ஆளு பத்து மணிக்கு டீ குடிக்கப் போறப்ப சோத்துப்போசியை மாட்ட எடமில்லாம கைடோட கை மேல மாட்டிட்டுப் போயிருக்கான். ரசமும் சோறுமா ரெண்டு கிலோ கனம். காந்தம் உழுகலை, நல்ல காந்தம், கொஞ்சமாச் சாஞ்சு அப்படியே நின்னுக்கிச்சு.

அந்த ஆளு யாருன்னு நீ கேக்காத. உங்கம்மாயிகிட்டயும் கேக்காத. நாளைக்கு உன் போசியை மட்டும் ஜன்னல் கம்பியில மாட்டு.