கோபன்ஹேகனில் ஒரு சாந்திக் கல்யாணம்

மாலை ஒருத்தர் கழுத்தில், பத்திரிகையில் பேர் இன்னொருத்தருக்கு. 2005 அக்டோபர் 22ஆம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு நடந்த ஐம்பதாண்டு விழா அப்படிப்பட்ட விசேஷம்.

விழாவின் பெயர் 'கங்கிராஜுலேஷன்ஸ்'. 1968இல் லண்டனில் நடந்த போட்டியில் பிரிட்டனுக்காகக் கிளிஃப் ரிச்சர்ட் பாடிய பாட்டு அது. சொந்த ஊர், சொந்தச் சனம், ஜெயிக்காமல் எங்கே போகப்போகிறது என்று எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், ஸ்பெயினிலிருந்து மஸியெல் என்ற அம்மணி வந்து 'லா லா லா' என்று பாடி, 29க்கு 28 என்று தட்டிக்கொண்டு போய்விட்டார். பாட்டெழுதுகிறவருக்கு அன்றைக்கு எவ்வளவு மிச்சம், பாருங்கள். ஆக விழாவுக்குத் தோற்ற பாட்டின் பெயர். அந்த விழாவில் 'எல்லாப் பாட்டிலும் பெரிய பாட்டு' என்று மாலை வாங்கியது ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) குழு பாடிய 'வாட்டர்லூ'. அது நெப்போலியன் மண்ணைக் கவ்விய இடம். அவரைக் கவிழ்த்த கூட்டத்தில் முன்வரிசை ஆட்களான பிரிட்டிஷார், 1974இல் இதே பாட்டுக்குப் போட்டது பெரிய முட்டை. அதுவும் போட்டி நடந்தது அவர்கள் ஊர் பிரைட்டனில்.

இன்னொரு கூத்து: கிளிஃப் ரிச்சர்டின் பாட்டுப் பெயரில் நடந்த அந்த விழாவை அவர் ஊர் பி.பி.சி. ஒளிபரப்பவே இல்லை. தாய்மாமன் வராத கல்யாணம்.

வயசுக் கணக்கிலும் தகராறு உண்டு. முதல் போட்டி நடந்தது 1956 மே 24, சுவிட்சர்லாந்தின் லுகானோவில். விரல் விட்டு எண்ணினால் 2005 அக்டோபரில் 49 வயசும் சில மாசமும்தான். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் இப்படிப் புள்ளி எழுதியிருந்தால் அடுத்தாள் காதைத் திருகியிருப்பார். ஆனால் காரைக்குடிக்காரன் இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. 59 முடிந்து 60 பிறந்ததுமே சாந்திக்கு நாள் பார்க்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. நடப்பு வயசு என்று ஒன்று இருக்கிறதே.

அந்த முதல் போட்டி முழுக்க முழுக்கப் பங்காளி வீட்டு விவகாரம். ஏழு நாடுகள், ஆளுக்கு இரண்டு பாட்டு. நாட்டுக்கு இரண்டு நடுவர். தன் நாட்டுக்கே தானும் போட்டுக்கொள்ளலாம். லக்ஸம்பர்க் நடுவர்கள் வரவில்லை. 'அதனாலென்ன, உங்கள் மொய்யையும் நாங்களே எழுதிவிடுகிறோம்' என்று சுவிஸ் நடுவர்கள் அவர்கள் பங்குக்கும் ஓட்டைப் போட்டார்கள். யார் ஜெயித்தது என்றா கேட்கிறீர்கள்? சுவிட்சர்லாந்துதான். லிஸ் ஆசியா அம்மையார். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்ற ஏட்டை இன்று வரை யாரும் திறந்து காட்டவில்லை. பிற்பாடு ஓட்டை வெளிப்படையாக அறிவித்தார்கள். ஊர் முன்னால் மொய் வாசிக்கிற மாதிரி ஆனதும் புது வழக்கம் வந்தது. சைப்ரஸ் கிரீஸுக்குப் பன்னிரண்டு மதிப்பெண் எழுதும், கிரீஸ் அதைத் திருப்பி எழுதும். 1969இல் நாலு நாடுகள் ஆளுக்கு 18 வாங்கிச் சமமாக நின்றன. முடிச்சை அவிழ்க்க விதியே எழுதி வைக்கவில்லை. நாலு பேருமே ஜெயித்தார்கள் என்று சொல்லிப் பந்தியை முடித்தார்கள். கல்யாணத்தில் இசைபிடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கியே பழகிய எங்கள் ஆட்களிடம் கேட்டிருந்தால், இசைக்கும் ஒரு பிடிமானம் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

இவ்வளவும் எதற்கு? பல நாட்டுத் தொலைக்காட்சிகளை ஒரே நேரத்தில் இணைத்துக் காட்ட முடியுமா என்று பார்க்கத்தான். பாட்டு சாக்கு, கம்பி இழுப்பதுதான் காரியம். ஆனால் தொலைக்காட்சிக்காகவே நடத்திய அந்த 1956 நிகழ்ச்சியின் முழுப் படம் தொலைந்துபோயிற்று. ஜெயித்த பாட்டைத் திரும்பப் பாடிய துண்டும் ஒலிப்பதிவும்தான் மிச்சம்.

நமக்கும் பல தேசத்துப் பாட்டுப் போட்டி ஒன்று இருந்தது. அதற்கு மொய் ஏடும் வேண்டாம், நடுவர் கூட்டமும் வேண்டாம். அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீது ஒருத்தர் போதும். இலங்கை வானொலியில் வளர்ந்த 'பாட்டுக்குப் பாட்டு', 1993 தமிழ்ப் புத்தாண்டில் பிறந்த சன் டிவிக்கும் பின்னால் வந்து சேர்ந்தது. தமிழர் போய்க் குடியேறிய நாடெல்லாம் அவரும் போய் நடத்தினார். அவர் எழுத்தைச் சொல்வார், அந்த எழுத்தில் பாட்டு எடுக்க வேண்டும். 'ஙே' என்று விழித்தால் ஆட்டம் முடிந்தது. பிரிட்டிஷ் நடுவர் முட்டை போட வழியே கிடையாது.

அதற்கு முன்னாலேயே இலங்கை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1982 பிப்ரவரியில் ரூபவாஹினி என்ற இலங்கைத் தொலைக்காட்சி தொடங்கியதும் எங்கள் பக்கத்து மொட்டைமாடிகளில் கம்பம் முளைத்தது. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர், முகப்பின் மேல் சுதையில் கஜலட்சுமி. அந்த லட்சுமிக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய அலுமினிய ஆன்டெனா. கொண்டுவிக்கக் கொழும்புக்குப் போன அப்பச்சிமார் கொண்டுவராததைக் காற்று கொண்டுவந்தது, பாதி புள்ளியும் கோடுமாக. மாடியில் ஒருத்தன் கம்பத்தைத் திருப்ப, வளவிலிருந்து ஒருத்தன் 'இப்பத் தெரியுது, இப்பத் தெரியலை' என்று கத்த, எங்கள் ஆச்சி பட்டாலையில் உட்கார்ந்து சிங்களச் செய்தி முழுவதையும் பார்ப்பார். விளங்குகிறதா என்று கேட்டால், 'உங்க ஐயா பேசுனதுல பாதிதான் எனக்கு விளங்கும், குடும்பம் நடத்தலையா?'

பின்னாளில் 'பாட்டுக்குப் பாட்டு' வந்தபோது அதே ஆச்சி, ஹமீது எழுத்தைச் சொல்லி வாய் மூடுமுன் பாடி முடித்துவிடுவார். லண்டன் பிள்ளை திணறினால், 'கொளுப்பு, தெரிஞ்சுக்கிட்டே பாட மாட்டேங்கிறான்' என்று அதற்கொரு தீர்ப்பு.

போன தை மாசம் முனீஸ்வரன் கோயில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில், ஷட்டர் வைத்த மரப்பெட்டி டிவி. பக்கத்தில் பீங்கான் குழம்புச் சட்டி, ரவிவர்மா படம், பல்லாங்குழி. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் ஷட்டரை இழுத்து இழுத்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருசப் பழசு என்று கேட்டார்.

'ஐம்பது' என்றார் கடைக்காரர், கண்ணிமைக்காமல்.

எங்கள் வீட்டில் இருந்ததும் அதே கம்பெனி, அதே மாடல். 1985இல் வாங்கியது. வாயைத் திறக்கப்போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: 'நடப்பு, அண்ணே.'