கேமரா மாமா

தொண்ணூறுகளில் குடும்பத்துக்கு ஒரு கேமரா மாமா இருந்தார். வேறு தகுதி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. கழுத்தில் ஒரு யாஷிகா எம்.எஃப்-2 தொங்கினால் போதும்; வேனில் முன் சீட்டு, பந்தியில் முதல் இலை, மணமேடைக்குக் குறுக்கே நடக்கும் உரிமை எல்லாம் தானாக வந்து சேரும்.

அந்த அதிகாரத்துக்கு மூலதனம் ஒரே ஒரு எண்: 36. ரோலுக்கு அத்தனை படம்தான். முனையைச் சிக்கனமாகச் சொருகினால் 37, கைராசி இருந்தால் 38. அதில் யார் தலை விழலாம், யார் தலை விழக்கூடாது என்பது மாமாவின் தீர்ப்பு. "இன்னும் ரெண்டுதான் இருக்கு" என்று அவர் அறிவித்தால் முறைத்துக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டாரே சிரித்தபடி வந்து நிற்பார்கள். நச்சரிக்கும் பிள்ளைகளுக்கும், மொய் எழுதாத உறவுக்கும் வெறும் பிளாஷ் மட்டும். ஆறு மாதம் கழித்துப் படம் எங்கே என்று கேட்டால், "லைட் பட்டுடுச்சு."

ரோல் முடியாமல் கழுவக் கொடுப்பது அவருக்குப் பாவம். அதனால் ஒரே ரோலின் முதல் படத்தில் வளைகாப்பு நடக்கும். கடைசிப் படத்தில் அந்தக் குழந்தைக்குக் காது குத்துவார்கள்.

டிஜிட்டல் வந்தபோது மாமா அதை மதிக்கவில்லை. "அது படமில்லடா, புள்ளி." கோடாக் கம்பெனியின் ஸ்டீவன் சாஸன் 1975-இல் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்ததாம். "அதுக்குள்ள நான் மூணு முடிச்சையும் எடுத்துடுவேன்" என்பார்.

2005 வாக்கில் வெளிநாட்டு மாப்பிள்ளை ஒரு கேனன் பவர்ஷாட் ஏ510 கொண்டுவந்து கொடுத்தார். சும்மா வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு மாமா கொள்கைவாதி அல்ல. கூட வந்த 16 எம்.பி. கார்டில் உயர்தரமாக எடுத்தால் பத்துப் படம் தேறுவதே பாடு. மாமா முகத்தில் அப்படி ஒரு களை! ரேஷன் இன்னும் இறுகிவிட்டதே! மறுவாரமே மாப்பிள்ளை 512 எம்.பி. கார்டு வாங்கித் தந்து அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். முந்நூறு படத்துக்கு இடம் இருக்கும்போது, "இன்னும் ரெண்டுதான்" என்று யாரிடம் சொல்வது?

அதைவிடக் கொடுமை, கேமராவின் முதுகிலிருந்த திரை. எடுத்த மறுகணம் பத்துத் தலை அவர் தோளில். "கண்ணு மூடியிருக்கேன், அழிங்க மாமா." "குண்டாத் தெரியிறேன், இன்னொண்ணு." வெறும் பிளாஷ் வித்தை அன்றோடு செத்தது.

பொத்தானும் சதி செய்தது. அந்தக் காலத்துச் சின்ன டிஜிட்டல்கள் பெரும்பாலும், அழுத்தினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். பாதி அழுத்திக் காத்திருந்து மீதியை அழுத்த வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது; கையேடு படிப்பதை மாமா கௌரவக் குறைவாக நினைத்தார். அவர் எடுத்த தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கண் வராமலிருக்க முன்கூட்டி ஒரு வெளிச்சம் வருமே, அதோடு படம் முடிந்ததென்று பெரியவர்கள் எழுந்துவிட, குடும்பப் படமெல்லாம் முதுகுப் படமாயிற்று.

மாமா சளைத்தாரா? எவர் கேமராவைக் கண்டாலும், மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதுபோல, "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்கத் தொடங்கினார். மேக்ஸி பிரிண்ட்டுக்கு இரண்டு மெகாபிக்சலே தாராளம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்தான் பிரிண்ட் போடுவதையே நிறுத்திவிட்டாரே!

அங்கேதான் மாமா ஜெயித்தார். படமெல்லாம் கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டு அவருக்கு மட்டும். பேரனின் முதல் பிறந்தநாள் படத்துக்காகச் சித்தி நடையாய் நடந்தாள்.

"மெயில்ல அனுப்புறேன்னு சொன்னீங்களே அண்ணே?"

"சைஸ் பெருசும்மா, போக மாட்டேங்குது."

"சி.டி.யில போட்டுக் குடுங்களேன்."

"போடலாம். வைரஸ் வந்துடும், பரவாயில்லையா?"

சித்தி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. குழந்தைக்கு ஏற்கெனவே சளி.