ஒரு நகரத்தின் காப்பாளர்

மைனர் பிள்ளையின் சொத்துக்குக் காப்பாளராக இருப்பது லேசான காரியம் அல்ல. பிள்ளைக்கு வயது வந்ததும் கணக்கைத் தீர்த்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர்களே உலகத்தில் அதிகம். அப்படிப் பாதியில் விட்டுப் போக மனம் வராத காப்பாளர் ஒருவரை இங்கே பாராட்ட விரும்புகிறேன். வாஷிங்டன் நகரத்தை 1801 முதல் தன் நேரடிப் பொறுப்பில் வைத்திருக்கும் அமெரிக்க காங்கிரஸ்தான் அவர். பிள்ளைக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது. 2020 கணக்கெடுப்பின்படி குடும்பத்தில் 6,89,545 பேர். வயோமிங் மாநிலத்தைவிட, வெர்மான்ட் மாநிலத்தைவிடப் பெரிய குடும்பம். அந்த இரண்டும் தலைக்கு இரண்டு செனட்டர்களையும் ஓர் உறுப்பினரையும் அனுப்பித் தங்கள் காரியத்தைத் தாங்களே பேசிக்கொள்கின்றன. வாஷிங்டனுக்கு அந்தச் சிரமம் இல்லை. சாவி இன்னும் காப்பாளரின் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது.

காங்கிரஸின் நினைவாற்றலை முதலில் சொல்ல வேண்டும். 1783 ஜூன் மாதம், பிலடெல்பியாவில், சம்பள பாக்கி கேட்டுச் சுமார் 400 சிப்பாய்கள் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். படையை அனுப்பிக் காப்பாற்றுங்கள் என்று உறுப்பினர்கள் பென்சில்வேனியா அரசைக் கேட்டார்கள். அரசு அசையவில்லை. காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு ஓடியது. பிறகு அனாபொலிஸ், டிரென்டன், நியூயார்க் என்று ஊர் ஊராகப் பெட்டி தூக்கியது. இனி எந்த மாநிலத்தின் தயவிலும் நிற்பதில்லை என்ற வைராக்கியம் அங்கே பிறந்தது. 1787இல் அரசியல் சட்டம் எழுதியபோது, பத்து மைலுக்குப் பத்து மைல் மிகாத ஒரு நிலம் தலைநகருக்கு வேண்டும், அங்கே சட்டம் செய்யும் அதிகாரம் முழுக்கக் காங்கிரஸுக்கே வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். மேரிலாந்தும் வர்ஜீனியாவும் நிலம் கொடுத்தன. 1801இல் வந்த சட்டத்தோடு, அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் காங்கிரஸுக்கு ஆள் அனுப்பும் உரிமையை இழந்தார்கள். கைவிட்டது பென்சில்வேனியா. பதில் சொல்வது போட்டோமாக் ஆற்றங்கரையில் குடியிருக்கும் மக்கள், தலைமுறை தலைமுறையாக. ஒரு ஜூன் மாதத்தை இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருக்கும் சபை வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பழையதைப் போற்றும் பண்பும் அதற்கு உண்டு. 1766இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களைப் பற்றி ஒரு சட்டம் செய்தது. எந்த விஷயமானாலும் சரி, அவர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்யத் தனக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். அந்த நாடாளுமன்றத்துக்கு நாங்கள் ஆள் அனுப்பவில்லையே, எங்களை எப்படி ஆளலாம் என்று கேட்டுத்தான் அமெரிக்கர்கள் துப்பாக்கி எடுத்தார்கள். ஆனால் 1787இல் தலைநகரைப் பற்றிய விதியை எழுத உட்கார்ந்தபோது, எந்த விஷயமானாலும் என்ற அதே சொற்றொடரை, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட மாறாமல், அங்கே வைத்தார்கள். மன்னரின் சொத்தில் மற்ற எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளியவர்கள், இந்த ஒரு வரியை மட்டும் பத்திரப்படுத்தினார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த முழு அதிகாரத்தால் நல்லதும் நடந்திருக்கிறது. 1862 ஏப்ரலில், லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, வாஷிங்டனில் அடிமை முறையைக் காங்கிரஸ் ஒழித்தது. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் விடுதலை பெற்றார்கள். நஷ்ட ஈடும் கொடுத்தது, ஆளுக்கு 300 டாலர் வரை. அதை வாங்கிக்கொண்டவர்கள் அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்கள். 1867இல், ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மறுத்ததையும் மீறி, நகரத்தின் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. நாடு முழுவதற்கும் அது 1870இல்தான் வந்தது. அப்புறம் நகரத்துக்குக் கடன் பெருகியது. 1874இல் உள்ளூர் ஆட்சியையே கலைத்து, மூன்று கமிஷனர்களை மேலிருந்து நியமித்தார்கள். கறுப்பர் வாக்கு, வெள்ளையர் வாக்கு என்று பேதம் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டார்கள். வாஷிங்டன் மக்கள் மறுபடியும் ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தது 1974இல். உள்ளூர் ஆட்சி கலைந்து அதற்குள் நூறு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

அந்த நூறு ஆண்டுகளில் நகரத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போய்விடவில்லை. தென் கரோலினாவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான் மக்மில்லன், பிரதிநிதிகள் சபையில் நகரத்துக்கான குழுவின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். நகரம் தன்னைத் தானே ஆளட்டும் என்று செனட் பல முறை மசோதா நிறைவேற்றி அனுப்பியது. ஒவ்வொன்றும் அவருடைய குழுவில் வந்து படுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில்தான் வாஷிங்டன் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள நகரமாக ஆகியிருந்தது. அவருக்கு வாக்களித்த ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. குடியிருந்த ஒருவர்கூட அவருக்கு எதிராக வாக்களிக்க முடியாது. தேர்தல் கவலை இல்லாத அப்படிப்பட்ட நிம்மதியான ஆட்சி எத்தனை பேருக்கு வாய்க்கும்! 1972இல் தென் கரோலினாக்காரர்களே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே தன்னாட்சிச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்துக்குப் பிறகும் காப்பாளரின் கண் அயரவில்லை. நகர மன்றம் செய்யும் சட்டங்கள் காங்கிரஸுக்குப் போய், சபை நடக்கும் நாட்களில் முப்பது நாள், குற்றவியல் சட்டமானால் அறுபது நாள், அங்கே காத்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ரத்து. நகரம் தன் மக்களிடம் வசூலித்த வரிப்பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்பதையும் காங்கிரஸ் பார்க்கும்.

1998 நவம்பரில், நோயாளிகள் கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று நகரத்தில் வாக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பணம் செலவிடக் கூடாது என்று காங்கிரஸ் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்திருந்தது. மக்கள் வாக்களித்துவிட்டார்கள், ஆனால் முடிவை வெளியிட வழியில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நூற்றுக்கு 69 பேர் சம்மதம் சொல்லியிருந்தது தெரிந்தது. உடனே காங்கிரஸ் அந்தச் சட்டத்தையே தடுத்து, 2009 வரை நிறுத்திவைத்தது. வாக்கை எண்ணுவதில் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளும் அரசுகள் உண்டு. எண்ணிக்கையே வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அக்கறை காட்டியது இது.

இன்னொன்றை எழுதும்போது கை கூசுகிறது. போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி. பரவும். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு சுத்தமான ஊசியைக் கொடுத்தால் பரவல் குறையும். நாட்டிலேயே அந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் வாஷிங்டன் ஒன்று. நகரம் தன் சொந்தப் பணத்தில் ஊசி கொடுக்க 1998 முதல் 2007 வரை காங்கிரஸ் தடை போட்டிருந்தது. ஒழுக்கத்தில் அவ்வளவு கண்டிப்பு. தடை போட்டவர்களில் யாரும் அந்த நகரத்து மருத்துவமனை வராந்தாவில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டியதில்லை என்பது அந்தக் கண்டிப்புக்குப் பெரிய பலம். தடை நீங்கியதும் நகரம் ஊசி கொடுக்கத் தொடங்கியது. ஊசி வழியாக வரும் புதிய தொற்று வெகுவாகக் குறைந்தது. நடுவில் போன ஒன்பது ஆண்டுகளில் தொற்றிக்கொண்டவர்களுக்கு அந்தச் செய்தி பயன்படவில்லை.

கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் விஷயத்தில் வாஷிங்டன்வாசிகளுக்கும் மற்றவர்களுக்கும் எந்த வேற்றுமையும் வைக்கவில்லை. கூட்டாட்சி வருமான வரி மற்ற மாநிலத்தாரைப் போலவே உண்டு. வியட்நாம் போருக்குக் கட்டாயமாக ஆள் எடுத்தபோது இங்கிருந்தும் எடுத்தார்கள். ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க 1961இல் அரசியல் சட்டத்தையே திருத்தி வழிசெய்தார்கள். எவ்வளவு மக்கள் பெருகினாலும் மிகச் சிறிய மாநிலத்துக்கு உள்ளதைவிட ஒரு தேர்வாளர்கூட அதிகம் கூடாது என்று அளவும் வைத்தார்கள். 2000 முதல் நகரத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில், பிரதிநிதி இல்லாமல் வரி வாங்குவதைப் பற்றிய அந்தப் பழைய புரட்சிக் கோஷம் அச்சாகிறது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தினமும் அந்தக் கார்களின் பின்னால்தான் சிக்னலில் நிற்கிறார்கள். அசாத்தியப் பொறுமை.

2021 ஜனவரி 6 அன்று கும்பல் ஒன்று காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்தது. தேசியக் காவல்படையை அழைக்க நகர மேயருக்கு அதிகாரம் இல்லை. மாநில ஆளுநர்களுக்கு இருக்கும் அந்த அதிகாரம் இங்கே ஜனாதிபதியிடம் இருக்கிறது. காவல்படை வந்துசேர மாலை ஆயிற்று. அதற்கு முன்பே ஓடிவந்தது நகரப் போலீஸ். நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கட்டுகளிலும் சுரங்க வாயிலிலும் அடி வாங்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றார்கள். 1783இல் பென்சில்வேனியா செய்ய மறுத்ததை, வாக்கில்லாத நகரம் தயங்காமலே செய்தது. காங்கிரஸ் நன்றி மறக்கவில்லை. அந்த ஆண்டே சட்டம் செய்து, நகரப் போலீஸுக்குத் தங்கப் பதக்கம் வழங்கத் தீர்மானித்தது. 2025 ஆகஸ்டில் அதே போலீஸை ஜனாதிபதி முப்பது நாளைக்குத் தன் கையில் எடுத்துக்கொண்டார். தன்னாட்சிச் சட்டத்திலேயே அதற்கும் ஒரு பிரிவு வைத்திருந்தார்கள்.

கடைசியாகக் காங்கிரஸின் தாராளம். பிரதிநிதிகள் சபையில் வாஷிங்டனுக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் 1991இல் எலினார் ஹோம்ஸ் நார்ட்டன் அமர்ந்தார். பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். அலுவலகம் உண்டு, சம்பளம் உண்டு. வாஷிங்டனை மாநிலமாக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். 2021 ஏப்ரல் 22 அன்று அதன் மீது வாக்கெடுப்பு நடந்தது. நாட்டின் மூலை முடுக்கிலிருந்து வந்தவர்களெல்லாம் அந்த நகரத்தைப் பற்றித் தங்கள் முடிவைப் பதிவுசெய்தார்கள். ஆதரவு 216, எதிர்ப்பு 208. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்த இரண்டு எண்களில் எதிலும் நார்ட்டன் இல்லை.