ரசமட்டத்தோடு ஒரு மாமனார்

ஓசூரில் பாத்ரூமை இடித்துக் கட்டினால் மும்மொழிக் கொள்கை தானாக அமலுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் மேஸ்திரி தெலுங்கு, டைல்ஸ் ஒட்டியவர் கன்னடம், பிளம்பர் ஒடிசாவின் கேந்திரபாடாவிலிருந்து வந்த பையன். ஊர் ஊராகப் பிளம்பர்களை அனுப்பிப் பேர் வாங்கிய ஜில்லா அது. இவர்கள் மூவருக்கும் குறுக்கே நின்ற ஒரே தமிழர் என் மாமனார்.

மாமா டைட்டனில் ரிடையர் ஆனவர். எட்ஜ் கடிகாரத்தின் மொத்தக் கனமே 3.5 மி.மீ., உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மி.மீ. என்று கல்யாண வீடுகளில்கூட விளக்குவார். அப்படிப்பட்டவர் முன்னால் பிளம்பர் சுவரில் கட்டைவிரலை வைத்து, "லைன் இங்க வரும் சார்" என்றால் சும்மா இருப்பாரா?

சிக்கல் இதுதான். வாஷ்பேசினுக்கு அடியில் ஒன்றேகால் இஞ்ச் வேஸ்ட் கப்ளிங், அதற்குக் கீழே பாட்டில் டிராப், அங்கிருந்து சுவருக்குள் பைப். ஆசையாக வாங்கிய புது பேசின் ஆழமானது. டிராப்பின் வாயைவிடச் சுவர் ஓட்டை இரண்டு விரல்கடை உயரத்தில் நின்றது.

"சுருள் பைப் போட்டு வளைச்சு விட்டுடலாம் சார்."

"வளைச்சா முடியும் சோப்பும் அங்கேயே குடித்தனம் பண்ணும் தம்பி. அடிக்குக் கால் இஞ்ச் வாட்டம் வேணும். சுவத்தை உடை!"

அப்போதுதான் டைல்ஸ் ஒட்டி முடித்துக் கை கழுவியவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். நல்லவேளை, மாமாவுக்குக் கன்னடம் அரைகுறை. அவர் பெட்டியைத் திறந்து ரசமட்டத்தையும் வெர்னியர் காலிப்பரையும் எடுத்தார். பி.வி.சி. பைப்பின் விட்டத்தைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை வாசித்தார். பிளம்பர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மரையில் டெஃப்லான் டேப்பைக் கட்டைவிரல் கணக்கில் சுற்றினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அது மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டீ குடிக்கும்போது, தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப் வளைவுக்கு 1775இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங், தொழிலில் கடிகாரக்காரர் என்றேன். அதற்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை.

"பாத்தீங்களா மாப்ள! வளைவுல நிக்கிற அந்தக் கொஞ்சம் தண்ணிதான் சாக்கடை நாத்தத்தை இந்தப் பக்கம் விடாம மறிக்குது. வாட்ச்காரன் மூளை!"

வாட்டத்தைப் பற்றி ஓசூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பெங்களூரு மேடு, நாம் பள்ளம். அங்கே கழுவிய சோப்புத் தண்ணீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை வெளேரென்று நுரைத்துப் பொங்குகிறது. மழை நாளில் மதகைத் திறந்தால் நுரை ரோட்டுக்கே வந்துவிடும்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "பார்டர்ல ஒரு டிராப் வெச்சிருந்தா இந்த நாத்தமே வந்திருக்காது."

பிளம்பர் இன்ச் டேப்பை இழுத்தான். "வெச்சிடலாம் சார். பைப் எத்தனை இஞ்ச்?"